விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், என் மடிக்கணினியை அண்மையில் விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். எதையும் அழிக்காமல், இருந்த நிலையிலேயே மேம்படுத்தியதால் கோப்புகளும் மென்பொருள்களும் பத்திரமாக இருக்கின்றன. வைஃபையை மட்டும் நம்ப முடியவில்லை.

காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் உறைந்துபோய், சில நொடிகள் கழித்து மீண்டும் அசையத் தொடங்குகிறார். வேறு சில சமயங்களில் இணைப்பு முழுவதுமாகப் போய், பணிப்பட்டையில் இருக்கும் வைஃபை குறி பூமி உருண்டையாக மாறிவிடுகிறது; தானாகவே மீள்வதும் உண்டு, நான் வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மீள்வதும் உண்டு. கணினியைச் சிறிது நேரம் தொடாமல் விட்டுத் திரும்பினால் இது அதிகம் நிகழ்வதாகத் தோன்றுகிறது. அதே அறையில் கைப்பேசிக்கு எந்தத் தடங்கலும் இல்லை. கேபிள் வழியே ரூட்டரில் இணைத்தால் மடிக்கணினியும் சரியாகவே இயங்குகிறது.

ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. சேமித்திருந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தும் பார்த்தாயிற்று. விண்டோஸ் தரும் பழுதறியும் கருவி, சிக்கல் எதுவும் இல்லை என்கிறது. நெட்வொர்க் ரீசெட் செய்யச் சிலரும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவச் சிலரும் சொல்கிறார்கள். அந்த அளவுக்குப் போவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1

நெட்வொர்க் ரீசெட்டை இப்போது தொடாதீர்கள். அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் (வைஃபை அட்டை போல, கணினியை நெட்வொர்க்கில் இணைக்கும் பாகங்கள்) நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், விபிஎன் மென்பொருள் ஏதேனும் வைத்திருந்தால் அதையும் மீண்டும் அமைக்க நேரலாம். சிக்கல் அதனால் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. தீராவிட்டால் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

இன்னொன்றுக்குக் கெடு இருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேம்படுத்திய பின் பொதுவாக 10 நாள் வரை, அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘ரிக்கவரி’ என்னும் பகுதியில், பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி இருக்கும். வட்டில் இடம் பிடிக்கிறது என்று ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வசதி அப்போதே போய்விடும். ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனாலும் காரணம் தெரியும் வரை அந்த வழியை அடைத்துவிட வேண்டாம்.

இனி சோதனைக்கு வருவோம். ‘வைஃபை போகிறது’ என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம்: கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலான வானொலித் தொடர்பு அறுவது, ரூட்டருக்கு வெளியே இணையம் தடைப்படுவது, இணையம் இருந்தும் தளப் பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவை பதில் தராதிருப்பது. இவற்றைப் பிரித்தறிய, இரண்டு கட்டளைச் சாளரங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து, ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கும் (பல ரூட்டர்களில் 192.168.1.1, உங்களுடையதை ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் காட்டும்), மற்றொன்றில் 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரிக்கும் நிற்காமல் பிங் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். பிங் சொல்லுக்குப் பின் சிறுகோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை அது ஓடும்.

அழைப்பு உறையும் கணத்தில் ரூட்டருக்கான சாளரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து வெளி முகவரி மட்டும் நின்றால், மடிக்கணினியில் குற்றமில்லை. இரண்டும் ஒன்றாக நின்றால் வானொலித் தொடர்பில்தான் கோளாறு. இரண்டும் ஓடியும் பக்கங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். நிற்கும்போது திரையில் என்ன செய்தி வருகிறது என்பதையும் கவனியுங்கள்: ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்று பொருள், ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்று வந்தால், பெரும்பாலும் அடாப்டரே அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாததால் எதையும் அனுப்பக்கூட முடியவில்லை என்று பொருள்.

பழுதறியும் கருவியைவிடப் பயனுள்ள ஒன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது; ஏனோ அதை யாரும் சொல்வதில்லை. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்னும் கட்டளையை (ஆங்கில எழுத்துகளில் நான்கு சொற்களாக, கடைசிச் சொல்லை இடைவெளியின்றி) கொடுத்தால், கடந்த மூன்று நாள்களின் வைஃபை வரலாறு ஒரு வலைப்பக்கமாகச் சேமிக்கப்படும். சேமித்த இடத்தைச் சாளரமே காட்டும். இணைப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்தக் காரணத்தால் முடிந்தது என்பவை நேரவரிசையில் அதில் இருக்கும். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள்.

பதில் 2

இருந்த நிலையிலேயே மேம்படுத்திய கணினி என்றால் நான் முதலில் டிரைவரைத்தான், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளைத்தான், சந்தேகிப்பேன். மேம்படுத்தும்போது பழைய டிரைவரே புதிய இயங்குதளத்துக்குள் வந்து சேரவும் கூடும். விண்டோஸ் அப்டேட் தானாகவே வேறொரு பதிப்பைப் போட்டிருக்கவும் கூடும். டிவைஸ் மேனேஜரில் (கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி) வைஃபை அடாப்டரைத் திறந்து, ‘டிரைவர்’ தாவலில் உள்ள தேதியையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில், உங்கள் மாடலுக்கென்று விண்டோஸ் 11-க்குக் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். எண் பெரியது என்பதற்காக அது உங்கள் கணினிக்கு ஏற்றது என்றாகிவிடாது. அட்டை ஒன்றாகவே இருந்தாலும் ஆண்டெனா, மின்சேமிப்பு ஆகியவற்றுக்கேற்பத் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த பதிப்பு வேறாக இருக்கலாம்.

அதே இடத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் மங்கலாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். திரும்பிச் செல்ல முந்தைய பதிப்பு எதுவும் சேமிப்பில் இல்லை என்பதே அதன் பொருள். ‘அப்டேட் டிரைவர்’ என்பதற்குள் சென்று, கணினியிலேயே இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில் போனால் பழைய பதிப்பு சில சமயம் அங்கே கிடைக்கும்.

‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் கட்டம் இருக்கும். தொடாமல் விட்டால் அறுகிறது என்கிறீர்களே, அதனால் அந்தக் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தத் தாவலே இருக்காது.

பதில் 3

டிரைவர் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் கேள்வியில் இருவகை அறிகுறிகள் கலந்திருக்கின்றன. சில நொடி உறைந்து தானாக மீள்வது, இணைப்பு அறாமலேயே நடக்கலாம். உங்கள் ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைப் பட்டைகளையும் ஒரே பெயரில் தருகிறதா? அப்படியானால் எதில் இணைவது, எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் கணினியின் டிரைவரே முடிவு செய்கிறது. பதிப்பு மாறும்போது அந்த முடிவெடுக்கும் பழக்கமும் மாறக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் பலவீனமானது; இரண்டும் ஏறக்குறைய ஒரே வலிமையில் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால், அட்டை இரு மனமாய் அங்கும் இங்கும் தாவும், ஒவ்வொரு முறை தாவும்போதும் அழைப்பு உறையும். கைப்பேசியின் அட்டையும் டிரைவரும் வேறு என்பதால் அது அதே அறையில் அமைதியாக இருப்பதில் வியப்பில்லை.

முன்பு சொன்ன கட்டளையில் கடைசிச் சொல்லுக்குப் பதிலாக ‘இன்டர்ஃபேசஸ்’ என்று கொடுத்தால் இப்போதைய சேனல், வேகம், சிக்னல் விழுக்காடு எல்லாம் தெரியும். விண்டோஸின் கணக்கில் 100 விழுக்காடு என்பது −50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு), 0 என்பது −100 டிபிஎம். 50 விழுக்காடு என்றால் −75. ‘பாதி இருக்கிறதே, போதாதா’ என்று நினைக்கத் தோன்றும். காணொளி அழைப்புக்கு அது மிக நெருக்கடியான நிலை. சேனல் எண் 1 முதல் 14-க்குள் இருந்தால் 2.4, 36-உம் அதற்கு மேலும் என்றால் உங்கள் ரூட்டரில் அது 5.

கையோடு ஒரு சிறு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மேம்படுத்தும் முன் காப்பு எடுப்பதற்காக யூஎஸ்பி 3 வெளி வட்டு ஒன்றைச் செருகியிருந்து, அது இன்னும் மடிக்கணினியை ஒட்டியே கிடக்கிறதா? யூஎஸ்பி 3-இன் தரவுப் பரிமாற்றம் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழும் என்பது நன்கு அறியப்பட்ட ஒன்று. மேம்பாட்டின் மேல் ஏற்றப்படும் பழி சில நேரம் பக்கத்தில் கிடக்கும் வட்டுக்குரியதாக இருக்கும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வெளி வட்டு எதுவும் செருகப்படவில்லை. இரண்டு பிங் சாளரங்களையும் வேலை நேரம் முழுவதும் ஓடவிட்டதில், ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றாகவே நின்றன. ஆனால் வந்த செய்திகள் ஒன்றுபோல் இல்லை. அழைப்பு உறையும்போது இரண்டு மூன்று வரிகள் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்து சரியாகின்றன. பூமி உருண்டை தோன்றும்போது ‘ஜெனரல் ஃபெயிலியர்’ வரிசையாக ஓடுகிறது.

அறிக்கையைப் பார்த்தால், முழுவதும் அறுந்த இடங்களிலெல்லாம் டிரைவரே இணைப்பைத் துண்டித்தது என்ற பொருளில் காரணம் இருக்கிறது. சிறு உறைதல்களுக்கு எதிரே துண்டிப்பு எதுவும் பதிவாகவில்லை. ரூட்டர் இரண்டு பட்டைகளையும் ஒரே பெயரில்தான் தருகிறது. நான் பார்த்த வேளையில் சேனல் ஒருமுறை 44 என்றும் பிறகு 6 என்றும் இருந்தது. டிரைவரின் தேதி, தயாரிப்பாளரின் பக்கத்தில் இருப்பதைவிடப் புதியது. ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவல் என் கணினியில் இல்லை.

பதில் 1

அப்படியானால் உங்களிடம் இருப்பவை இரண்டு பழுதுகள். ஒரே காலத்தில் தோன்றியதால் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. முழுத் துண்டிப்புக்குப் பதில் 2 சொன்னதும், உறைதலுக்குப் பதில் 3 சொன்னதும் பொருந்துகின்றன. இரண்டையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். முழுத் துண்டிப்பை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நீக்கிய பிறகு இறக்க வைஃபை இருக்காது. உங்களுக்குக் கேபிள் இருப்பது நல்லதாயிற்று, ஆனாலும் விண்டோஸ் அப்டேட் குறுக்கே வந்து அதே டிரைவரை மறுபடி போட்டுவிடாமல் இருக்க, நிறுவி முடிக்கும்வரை கேபிளையும் கழற்றி வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை நீக்கும்போது, டிரைவரையும் அகற்ற முயலும்படி சொல்லும் கட்டம் வரும். அதில் குறியிட்டால்தான் அந்தப் பதிப்பு உண்மையில் போகும், இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் அதுவே திரும்ப வந்து உட்காரும். மறுதொடக்கம் செய்து, இறக்கி வைத்ததை நிறுவி, பதிப்பு எண் மாறியிருப்பதைப் பார்த்த பிறகு கேபிளைப் பற்றி யோசியுங்கள்.

அதன் பின் இரண்டு நாளாவது வழக்கம்போல் வேலை செய்து, அறிக்கையை மறுபடி எடுங்கள். டிரைவர் துண்டித்ததாகப் புதிய பதிவு இல்லையென்றால் மட்டுமே பட்டை விவகாரத்துக்குப் போங்கள்.

பதில் 3

அந்தக் கட்டத்துக்கு வரும்போது: அடாப்டரின் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் விருப்பப் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் வரியும், ‘ரோமிங் அக்ரெசிவ்னஸ்’ (வேறு சிக்னலுக்கு எவ்வளவு எளிதில் தாவுவது) என்ற வரியும் சில அட்டைகளில் இருக்கும். நீங்கள் இடம் மாறாமல் ஒரே மேசையில் வேலை செய்பவர் என்றால், முதலாவதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை தரும்படி வைத்து, இரண்டாவதை ஒரு படி குறையுங்கள். இந்த வரிகள் இல்லாவிட்டால் ரூட்டரில் இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, மடிக்கணினியை 5-இல் மட்டும் இணைத்தால் போதும். அதற்கு முன் உங்கள் மேசையில் 5-இன் சிக்னல் எவ்வளவு என்று பாருங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 2.4-இலேயே நிலையாக வைத்துவிடுவது மேல்.

கேட்டவர்

டிரைவரை மாற்றிய பிறகு பூமி உருண்டை வரவேயில்லை. புதிய அறிக்கையிலும் டிரைவர் துண்டித்ததாகப் பதிவு இல்லை. உறைதல் எதிர்பார்த்தபடியே தொடர்ந்தது. மேசையில் 5-இன் சிக்னல் 78 விழுக்காடு காட்டியதால் அதற்கு முன்னுரிமை கொடுத்தேன், ரோமிங்கையும் ஒரு படி குறைத்தேன். இப்போது நீண்ட அழைப்புகளிலும் ரூட்டருக்கான பிங் இடையறாமல் ஓடுகிறது.

ஒரே ஒரு ஐயம். விண்டோஸ் அப்டேட்டின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில், ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்பதற்குள் அந்தப் புதிய வைஃபை டிரைவர் மறுபடி காட்டப்படுகிறது. அதை என்ன செய்வது?

பதில் 2

அந்தப் பட்டியலில் இருப்பவை நீங்கள் குறியிட்டு நிறுவினாலொழிய உள்ளே வராது, அப்படியே விட்டுவிடுங்கள். மடிக்கணினித் தயாரிப்பாளர் தம் பக்கத்தில் அதைவிடப் புதிய பதிப்பை வெளியிடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இப்போது நன்றாக இயங்கும் நிறுவல் கோப்பை மட்டும் வட்டில் ஓரிடத்தில் வைத்திருங்கள். விண்டோஸ் 11-இன் அடுத்த ஆண்டுப் பதிப்பு வரும்போது முதலில் டிரைவர் தாவலில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் இதே கோப்பைக் கொண்டு மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.