டொரோத்தியா டானிங்கின் ‘பிறந்தநாள்’: இதில் சர்ரியலிசம் எங்கே இருக்கிறது?

தூரிகைப்பித்தன்:
கனவையும் ஆழ்மனதையும் படமாக்கும் கலை இயக்கமான சர்ரியலிசம் என்றால் உருகி வழிகிற கடிகாரம், முகத்தை மறைக்கும் ஆப்பிள், இவ்வளவுதான் எனக்குப் பழக்கம். அமெரிக்க ஓவியர் டானிங் 1942இல் தன்னையே வரைந்த ‘பிறந்தநாள்’ படத்தில் ஆள் அச்சு அசலாக இருக்கிறார். மார்பு தெரியத் திறந்த ஊதா மேலாடை, வெறுங்கால், கதவுக் குமிழில் ஒரு கை. காலடியில் இருக்கிற அந்த இறக்கை முளைத்த பிராணியை எடுத்துவிட்டால் இது சாதாரண உருவப்படம்தானே?

வேர்க்கடலை:
பாவாடையைப் பெரிதாக்கிப் பாருங்க. ஏதோ வேரும் கொடியும் தொங்குகிற மாதிரி இருக்கும், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதற்குள்ளே மனித உடல்கள் பின்னிக் கிடக்கும். இதைக் கோணல்மாணலாக வரைந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம், சரிகையையும் மரத்தரையையும் போல அதையும் அவ்வளவு நிதானமாக வரைந்ததால்தான் வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாம்மாடி:
கதவுகளை விட்டுட்டீங்களே! ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகிறது, கடைசியில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. டானிங் குடியிருந்த நியூயார்க் வீட்டில் கூடம், சமையலறை, குளியலறை என்று கதவுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததாம், அதைப் பார்த்துத்தான் இது வந்தது என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அப்புறம், அந்தத் தலைப்பு சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் வைத்தது. கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் பெண் ஓவியர்கள் 31 பேரை வைத்து நடத்திய கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த எர்ன்ஸ்ட், இதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து டானிங்கோடு சதுரங்கம் ஆடினார். பெக்கி அப்போது எர்ன்ஸ்டின் மனைவி! 1946இல் டானிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார்.

வேர்க்கடலை:
கதை நல்லாத்தான் இருக்கு, ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எர்ன்ஸ்ட் வந்து நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் வாசலுக்கு வரும் முன்பே படம் ஸ்டாண்டில் இருந்தது. ‘பெண் ஓவியர்’ என்ற முத்திரையே டானிங்குக்குப் பிடிக்காது. 101 வயது வரை, 2012 வரை இருந்தவர், துணியில் சிற்பம் செய்தார், கவிதை எழுதினார். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

தூரிகைப்பித்தன்:
பெரிதாக்கிப் பார்த்தேன், ஐயோ, அத்தனை உடல்கள்! பிராணி இல்லாவிட்டாலும் இது சாதாரணப் படம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது எந்த மியூசியத்தில் இருக்கிறது?

மூன்றாம்மாடி:
பிலடெல்பியா. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்.