வெள்ளை யூனிஃபார்மில் மேக்கப் ஒட்டாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி

எங்கள் மருத்துவமனையில் யூனிஃபார்ம் முழு வெள்ளை, கழுத்தை ஒட்டி நிற்கும் காலர். நான் போடுவது பெரிதாக ஒன்றுமில்லை: சன்ஸ்கிரீன், கொஞ்சம் ஃபவுண்டேஷன், மேலே காம்பாக்ட், கண்ணுக்கு மை. ஆனால் காலை ரவுண்ட்ஸ் முடிவதற்குள் காலரின் உள்விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிடுகிறது. டிரிப் மாற்றப் போன இடத்தில் ஒரு பாட்டி, "டீ சிந்திக்கிட்டியா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறென்ன சொல்ல.

"மேக்கப்பே வேண்டாமே" என்பவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போய்விடுங்கள். நைட் டியூட்டி முடித்த முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

ஐசியூ நர்ஸ், கோவை

காலரைத் தொடுவது முகமா கழுத்தா? கழுத்துதானே. முகமும் கழுத்தும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்று கீழே வரைக்கும் இழுத்துப் பூசுகிறோம் பாருங்கள், அதுதான் அங்கே ஒட்டுகிறது. கழுத்து நிறத்துக்குப் பொருந்துகிற ஷேடாக வாங்கிவிட்டால் தாடை எலும்போடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வார்டில் இது ஒன்றிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்தது.

மீதி, டாப்பைத் தலைவழியாக மாட்டும்போது நடக்கிறது. துப்பட்டாவை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு மாட்டுங்கள். அறைத்தோழிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போட்டு முடித்ததும் டிஷ்யூவை முகத்தில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அதற்கு மேல் பவுடரைப் பஃபால் அழுத்தி வையுங்கள்.

அப்புறம், நம் கையில் எப்போதும் இருக்கிற மைக்ரோபோர் டேப், கட்டுப் போட ஒட்டும் அந்த வெள்ளைக் காகித டேப். காலரின் உள்பக்கம், மடிப்பின் மேல் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் அழுக்கெல்லாம் டேப்பில். டியூட்டி முடிந்ததும் உரித்துப் போடலாம். வெள்ளை மேல் வெள்ளை, யாருக்கும் தெரியாது. டேப்போடு மட்டும் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், பசை துணியில் இறங்கிவிடும். தோளில் காம்பாக்ட் கொட்டிவிட்டாலும் கையால் தட்டாமல் இதே டேப்பால் ஒற்றி எடுங்கள், தூள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

வழக்கறிஞர், மதுரை

எங்களுக்குக் கறுப்புக் கோட் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கோட் கட்டாயமில்லை, அப்போது வெள்ளைச் சட்டைதான் வெளியே தெரியும். அதைவிடத் தொல்லை கழுத்தில் கட்டுகிற பேண்ட், அந்த வெள்ளைப் பட்டை. கேஸ் கட்டைக் குனிந்து படிக்கிறபோதெல்லாம் மோவாய் போய் அதில் இடிக்கும். கஞ்சி போட்டு விறைப்பாக இருப்பதால் சுரண்டி எடுத்த மாதிரி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். நான் பையில் மாற்றுப் பட்டை இரண்டு வைத்திருக்கிறேன். லிப்ஸ்டிக்கைப் பொறுத்தவரை பளபளப்பு இல்லாத, உலர்ந்து ஒட்டிக்கொள்ளும் வகை மட்டும்தான். அதையும் போட்டவுடன் டிஷ்யூவைக் கவ்வி எடுத்துவிடுவேன்.

தாதி, யாழ்ப்பாணம்

ஒருவரும் மஞ்சளைச் சொல்லவில்லையே? என்னோடு விடுதியில் இருந்த பிள்ளை முகத்துக்கு மஞ்சள் பூசிக் கழுவிவிட்டுத்தான் டியூட்டிக்கு வருவாள். கழுத்தில் மிச்சம் இருந்தது கொலரில் பட்டுவிடும். அதற்குச் சவர்க்காரம் போட்டாள், உடனே இரத்தம் மாதிரிச் சிவந்து போனது. பயந்துவிட்டாள். சவர்க்காரத்தில் இருக்கிற காரம் மஞ்சளில் பட்டால் அப்படித்தான். நம் குங்குமமே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்ததுதானே. நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும், பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போட்டால் மெல்ல மெல்ல வெளுக்கும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் போட வேண்டியதுதான்.

டியூட்டி டாக்டர், சென்னை

மேக்கப் போடாதவனுக்கும் இந்தக் கஷ்டம் வரும். ஒரு முகூர்த்த நாளில் கல்யாணப் பெண்ணை மண்டபத்திலிருந்து நேராக கேஷுவல்ட்டிக்குக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மயக்கம். ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கியபோது பெண்ணின் தலை என் தோளில் சாய்ந்தது. சர்க்கரை குறைந்திருந்தது, டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து "மேடைக்கு நேரமாச்சு" என்றார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். என் வெள்ளைக் கோட்டில்தான் புருவம், கன்னம், உதடு எல்லாம் தனித்தனியாக இருந்தன. வீட்டில் அம்மா கோட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் விவரிக்கப் போவதில்லை.

கறை போன விதம் இது: தண்ணீரே படாமல், காய்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசினோம். ஃபவுண்டேஷனில் இருப்பது எண்ணெயும் சிலிக்கானும். முதலிலேயே நனைத்துவிட்டால் சோப்பு நீர்த்துப்போய் எண்ணெயைப் பிடிக்காது. உதட்டுச் சாயத்துக்கு ஸ்பிரிட்: துணியைத் திருப்பி, அடியில் பஞ்சு வைத்து, பின்பக்கமிருந்து ஒற்றினால் சாயம் பஞ்சுக்கு இறங்கும். பிளீச் மட்டும் வேண்டாம். ஃபவுண்டேஷனின் பழுப்பு, இரும்பு ஆக்சைடு. பிளீச்சுக்கு அது அசையாது. டெரிகாட்டன் துணிதான் மஞ்சளாகும்.

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி

டேப் யோசனைக்கு நன்றி அக்கா. டாக்டர் சார், அந்தப் பெண் கல்யாண ஆல்பம் அனுப்பினாரா? ஒரு சந்தேகம்: என் பழைய செட்டில், துவைத்த பிறகுதான் ஆரஞ்சு மாதிரி ஒரு கறை தெரிகிறது. போடும்போது இல்லை. ஹாஸ்டலில் போர்த் தண்ணீர்.

சாயப்பட்டறை லேப், திருப்பூர்

அது ஃபவுண்டேஷன் இல்லை, சன்ஸ்கிரீன். லேபிளில் அவோபென்சோன் என்ற வெயில் தடுக்கும் ரசாயனம் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் அதோடு சேர்ந்து துருக் கறை மாதிரி நிறம் கொடுக்கும். இதற்கும் பிளீச் போட்டால் இன்னும் அடர்த்தியாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வைத்துவிட்டு அலசுங்கள். கறை எடுக்காமல் மேலே சொட்டு நீலம் போட்டு மறைக்கப் பார்த்தால் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ள சன்ஸ்கிரீனுக்கு மாறினால் இந்த ஆரஞ்சு வராது. ஆனால் அது வெள்ளையாகப் படியும், உங்கள் துணிக்கு அது வசதிதான்.

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி

இருக்கிறது, இரண்டாவது பெயரே அதுதான்! எலுமிச்சை வாங்கப் போகிறேன். கோவை அக்கா, டேப் எந்த அகலம்?

ஐசியூ நர்ஸ், கோவை

ஒரு இஞ்ச். அரை இஞ்ச் மடிப்பை மூடாது, இரண்டு இஞ்ச் வெளியே எட்டிப் பார்க்கும். வார்டு ஸ்டாக்கில் கை வைக்காமல் மெடிக்கலில் சொந்தமாக வாங்குங்கள், எங்கள் சிஸ்டர் இன்சார்ஜ் இப்போது ரோலை எண்ண ஆரம்பித்திருக்கிறார்.