38-37ஆ, 38-44ஆ? கோச் கிரெட்ஸ்கி கணக்கு

நீலக்கோடு: ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் கிரெட்ஸ்கி கோச்சா இருந்ததைப் பத்தி நேத்து ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்கார். "கிரெட்ஸ்கி மோசமான கோச்னு சொல்றது வயித்தெரிச்சல். 2007-08ல அவரோட டீம் ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் ஜெயிச்சது 38, தோத்தது 37." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. சீசனுக்கு 82 மேட்ச் ஐயா. 38ம் 37ம் சேர்ந்தா 75. மிச்சம் 7 எங்க, காக்கா தூக்கிட்டுப் போச்சா?

99பக்தன்: எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். அந்த 7ம் சமன்ல நின்னு, அப்புறம் ஓவர்டைம்லயோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்லயோ (பெனால்டி மாதிரி) கைவிட்டுப் போனது. ஒவ்வொண்ணுக்கும் 1 பாயின்ட் கிடைச்சுது. என்எச்எல் (வட அமெரிக்க ஹாக்கி லீக்) அட்டவணையிலயே அதுக்குத் தனிக் கட்டம். பாயின்ட் குடுக்கற மேட்ச் எப்படித் தோல்வி ஆகும்?

நீலக்கோடு: தனிக் கட்டத்துல போட்டா வெற்றி ஆயிடுமா? ஓவர்டைம்ல பக் (ரப்பர் வட்டு) வலைக்குள்ள போயாச்சு. எதிராளிங்க பெஞ்ச்ல இருந்து குதிச்சு ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கறாங்க. உங்க கோலி ஸ்டிக்கை ஊனிக்கிட்டு மெதுவா ரூமுக்கு நகர்றார். இதுக்குப் பேரு தோல்வி. 38-44. அந்த வருஷம் மேற்குப் பிரிவுல கடைசி ஆளா பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) போன நாஷ்வில் 91 பாயின்ட். கயோட்டீஸ் 83.

மூணாவது பீரியட்: எதுக்கு இவ்வளவு? அவர் கோச்சா இருந்த 4 சீசன் மொத்தம் 143-161-24 (வெற்றி-தோல்வி-ஓவர்டைம்ல போனது). எப்படிக் கூட்டினாலும் தோல்விதான் அதிகம். ஒருதடவைகூட பிளேஆஃப் இல்ல. முடிஞ்சது.

நீலக்கோடு: முடியல. 161 இல்ல, 185. நீங்களும் அந்த 24ஐ ஒளிச்சு வைக்காதீங்க.

மூணாவது பீரியட்: நான் உங்க பக்கம்தானே பேசறேன்!

நீலக்கோடு: என் பக்கம் பேசறவங்க சரியாப் பேசணும்.

99பக்தன்: சரி. 2009 செப்டம்பர்ல கிரெட்ஸ்கி விலகினப்புறம் வந்த டேவ் டிப்பெட்டைத் தூக்கி வச்சு ஆடுவீங்களே. அவர் முதல் சீசன் 50-25-7. அதே 7! அவர் 32 தோத்தார்னு ஒருநாளாவது எழுதியிருக்கீங்களா?

நீலக்கோடு: இப்ப எழுதறேன். 32 தோத்தார். 50 ஜெயிச்சார், 107 பாயின்ட், சிறந்த கோச்சுக்கான ஜாக் ஆடம்ஸ் விருது. கேப்டன் அதே ஷேன் டோன், கோலி அதே பிரிஸ்காலோவ். மாறினது பெஞ்சுக்குப் பின்னாடி நின்ன ஆள்.

99பக்தன்: க்ளப் 2009 மே மாசம் திவால் மனு போட்ட க்ளப் சார். அந்த நிலைமையில...

நீலக்கோடு: அந்த நிலைமையிலதான் டிப்பெட் வந்து ஜெயிச்சார்.

கோலிக்கூண்டு: பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆக மாட்டார்னு சொல்றதே அபத்தம். டோ பிளேக் மான்ட்ரியாலுக்கு ஆடியும் ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் சாம்பியன் கோப்பை) ஜெயிச்சார், கோச்சா 13 சீசன்ல 8 கோப்பை. பெரிய கோலியா இருந்த பாட்ரிக் ருவா கொலராடோவுக்குக் கோச்சா வந்த முதல் சீசன்லயே 112 பாயின்ட். முதல் மேட்ச்லயே ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல இருக்கற கண்ணாடித் தடுப்பை எதிர் கோச் பூட்ரோ பக்கம் சாயற மாதிரி தள்ளின மனுஷன். அது கோச்!

மூணாவது பீரியட்: கண்ணாடியைத் தள்றதுதான் தகுதியா? 2016 ஆகஸ்ட்ல, புது சீசன் வாசல்ல நிக்கறப்ப விட்டுட்டுப் போனாரே, அதையும் சொல்லுங்க. ஸ்காட்டி போமன் என்எச்எல்ல ஒரு மேட்ச்கூட ஆடல. கோச்சா 9 கோப்பை.

கோலிக்கூண்டு: கிரெட்ஸ்கியோட 894 கோல் சாதனையை ஒவெச்கின் தொடவே மாட்டார்னு அடிச்சுச் சொன்னவர் நீங்கதானே? 2025 ஏப்ரல்ல அவர் அதைத் தாண்டினப்ப எங்க போய் ஒளிஞ்சீங்க?

மூணாவது பீரியட்: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கோலிக்கூண்டு: உங்க ஆரூடத்தோட லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டுமேன்னுதான்.

நீலக்கோடு: ரெண்டு பேரும் வெளியில போய் சண்டை போடுங்க. பக்தரே, 7க்குப் பதில் வரல.

99பக்தன்: ஆட்டக்காரரா 2857 பாயின்ட் (போட்ட கோலும், போட உதவினதும் சேர்த்து) எடுத்த மனுஷனை 7 மேட்ச் வச்சு எடை போடறீங்க.

நீலக்கோடு: ஆட்டக்காரர் கிரெட்ஸ்கியை யார் கேட்டா? கோச்சைக் கேட்டேன். 2006-07ல 31-46-5. அதையும் சொல்லவா?

99பக்தன்: டோ பிளேக் காலத்துல மேட்ச் சமன்லயும் முடியும். அதையும் தோல்வியிலதான் சேர்ப்பீங்களா?

நீலக்கோடு: சமன் வேற. அங்க யாரும் ஜெயிக்கல. ஓவர்டைம்ல ஒருத்தன் ஜெயிச்சான். அவன் ஜெயிச்சா நீங்க என்ன?

99பக்தன்: 1 பாயின்ட் வாங்கினவன். 38-37.

நீலக்கோடு: 38-44.

கோலிக்கூண்டு: ருவா பத்தி நான் சொன்னதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.