வேட்டை முகாமுக்கு என்ன சமைக்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 6 பேர் 4 நாள் வேட்டை முகாம் போகிறோம். சமையல் என் தலையில் விழுந்துவிட்டது. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்க யாருக்கும் கை வராது. இருப்பது ஒற்றை அடுப்பு, ஒரு பெரிய பானை, ஒரு ஐஸ் பெட்டி.

இறைச்சிக் குழம்பை வீட்டிலேயே வைத்து, பைகளில் தட்டையாக உறையவிட்டு எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். உருகும்வரை அதுவே ஐஸ்கட்டி வேலையையும் பார்த்துவிடும். பெட்டிக்குள் 4 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருந்தால் சரி.

கடைசி 2 நாளுக்குத்தான் வழி தெரியவில்லை. போன தடவை முட்டையை உடைத்துப் பாட்டிலில் கொண்டுபோனேன். மூடி கழன்று பெட்டியெல்லாம் முட்டை. வேட்டையில் கிடைப்பதை நம்பி உலை வைக்கவும் முடியாது (எங்கள் குறி அப்படி!). ஐஸ் இல்லாமல் தாங்கும் பொருட்களை வைத்து, ஒரே பானையில் 20 நிமிடத்தில் ஆகிற சாப்பாடு ஏதாவது சொல்லுங்களேன். அப்புறம், பதுங்கி உட்கார்ந்தபடி கொறிக்கவும் ஏதாவது. பொட்டலம் மட்டும் சரசரக்கக் கூடாது.