லோ கார்ப்பில் இருந்துகொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டவர்கள்: என்ன நடந்தது?

மாலைநடை:
போன வாரத்து விருந்து இன்னும் மனதை அரிக்கிறது. நான் லோ கார்ப், அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் (கார்ப்) குறைத்துச் சாப்பிடுகிறவள் என்று தெரிந்து, தோழி எனக்கென்றே தனியாக ஜாப்சே என்கிற கொரியன் நூடுல்ஸ் செய்திருந்தாள். "மைதா இல்லை, அரிசி இல்லை. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியுது, இதில் எங்கே கார்ப்?" என்று சொல்லிக்கொண்டே தட்டில் குவித்தாள். கொரியன் கண்ணாடி நூடுல்ஸ் முழுக்க சர்க்கரைவள்ளி மாவுச்சத்து என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆசையாகச் செய்தவளிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, "இப்போ சுகர் டெஸ்ட் பண்ணு பார்ப்போம்" என்று அவளே கேட்டாள். 214. திரையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "உன் மெஷின் சரியில்லை" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் சரியாகப் பேசவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

உப்புக்கல்:
கொன்ஜாக் கிழங்கில் செய்கிற ஜப்பானிய நூடுல்ஸை இங்கே எல்லோரும் ஷிராடாகி, ஷிராடாகி என்கிறீர்களே, அதன் வாடையைப் பற்றி ஒருத்தராவது முன்னாடியே சொன்னீர்களா? பாக்கெட்டை வெட்டியதும் குப்பென்று கிளம்பியது. அடுத்த அறையிலிருந்து என் மகன், "யாரு மீன் வாங்கினது?" என்கிறான். வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் நன்றாக அலசி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுத்தேன். அப்புறம்தான் முக்கியமான வேலை. எண்ணெயே இல்லாமல் வாணலியில் போட்டுப் புரட்ட வேண்டும். ஈரம் வற்ற வற்ற 'கீச் கீச்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்த பிறகு சாஸ் ஊற்றினால்தான் ஒட்டும், இல்லையென்றால் சாஸ் ஒரு பக்கம், நூடுல்ஸ் ஒரு பக்கம். கார்ப் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ 97 சதவீதம் தண்ணீர், மீதி பெரும்பாலும் குளுக்கோமன்னன் என்கிற நார்ச்சத்து. ஆனால் கடிப்பது மெல்லிய ரப்பர் பேண்டைக் கடிப்பது போலத்தான். மகன் இன்னும் அதைத் தொடுவதில்லை.

அரைவயிறு:
மாலைநடை, நீங்கள் தேர்ந்தெடுத்த நூடுல்ஸே தப்பு. சோபா என்கிற ஜப்பானிய நூடுல்ஸுக்கு மாறுங்கள். பக்வீட் என்கிற விதையின் மாவில் செய்வது, பக்வீட் கோதுமை இனமே கிடையாது. ஒரு ஜப்பானிய உணவகத்தில் மூங்கில் தட்டில் குளிர்ந்த சோபா வந்தது. சாப்பிட்டு முடித்ததும், அது வெந்த வெந்நீரையே ஒரு குடுவையில் கொண்டுவந்து வைத்தார் பெரியவர் ஒருவர். மிச்சமிருக்கிற சாஸில் அதை ஊற்றிக் குடிக்க வேண்டுமாம். கலங்கலாக, இளஞ்சூடாக, அப்படி ஒரு சுவை! ஆரோக்கியம் என்றால் இதுதான் என்று தோன்றியது.

சுகர்க்காரன்:
அரைவயிறு சகோ, அந்தத் தண்ணீர் ஏன் கலங்கலாக இருந்தது என்று யோசித்தீர்களா? கரைந்த மாவுச்சத்துதான். பக்வீட் கோதுமை இல்லைதான், ஆனால் மாவுதானே! அதிலும் ஜப்பானில் 30 சதவீதம் பக்வீட் இருந்தாலே சோபா என்று விற்கலாம், மீதி கோதுமை. நான் வாங்கிய பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க பக்வீட் பூவின் படம், திருப்பினால் முதல் பொருளே கோதுமை மாவு. கடையிலேயே நின்று சிரித்தேன். என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வேகவைத்த 100 கிராமில் சோபா, உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) இரண்டிலும் சுமார் 21 கிராம் கார்ப், அரிசி நூடுல்ஸில் 24, முட்டை நூடுல்ஸில் 25. 'இது நல்லது, அது கெட்டது' என்று சண்டை போடும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கிண்ணத்தில் 200 கிராம் சாதாரணமாகப் போய்விடும், அதாவது 40 முதல் 50 கிராம் கார்ப். கார்பை மிக மிகக் குறைக்கிற கீட்டோக்காரருக்கு ஒரு நாள் கணக்கே அங்கே தீர்ந்தது. நாளுக்கு 100, 130 கிராம் கார்ப் என்று போகிறவர் பாதிக் கிண்ணம் சாப்பிடலாம், முட்டையையும் காய்கறியையும் முதலில் முடித்துவிட்டு. கண்ணாடி நூடுல்ஸ் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 85 கிராமுக்கு மேல் கார்ப். அதில் பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்யும் வகை சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்பது உண்மை, அதற்காகக் கார்ப் குறைந்துவிடாது. அப்புறம் சாஸ். டெரியாகி, ஹொய்சின், பாட் தாய் எல்லாவற்றிலும் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை 12 கிராம். ஷிராடாகியில் இதை ஊற்றிவிட்டு 'கார்ப் இல்லை' என்று சொல்லாதீர்கள். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வினிகர் போதும். நூடுல்ஸ் போலவே மெல்லியதாக நறுக்கி வரும் டோஃபு (சோயா பனீர்) இழைகளும் உண்டு, புரதமும் கிடைக்கும், கடிக்கவும் நன்றாக இருக்கும். எனக்குக் கேட்டால் ஷிராடாகியை விட அதுதான்.

மாலைநடை:
ஐயா, நான் கேட்டது தோழியிடம் எப்படிப் பேசுவது என்று.

இரவுப்பணி:
வேறு ஒரு கோணம். அண்ணன் ஏதோ படித்துவிட்டு, அப்பாவின் மதிய நூடுல்ஸை அப்படியே ஷிராடாகியாக மாற்றிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா எப்போதும் போல சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நாலு மணிக்கு நான் தூங்கி எழுந்து வந்தால், நாற்காலியில் சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கித் தண்ணீர் மடியில் சிந்துகிறது. மீட்டரில் 58. சர்க்கரை கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை அது. கார்ப் வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். டாக்டர் டோஸைக் குறைத்தார். அண்ணன் இப்போதும் "நல்லதுக்குத்தானே செய்தேன்" என்கிறான்.

சுகர்க்காரன்:
சரியான நேரத்தில் சொன்னீர்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். இன்னொன்று, குளுக்கோமன்னன் சில மருந்துகள் உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். மாத்திரைக்கும் ஷிராடாகிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக மென்று சாப்பிடுங்கள். மாலைநடை, தோழி விஷயம் எனக்குத் தெரியாது அம்மா.

உப்புக்கல்:
மாலைநடை, அடுத்த முறை நீங்களே சமைத்து அவளைக் கூப்பிடுங்கள். மீட்டரை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

புதுசு:
கடற்பாசி நூடுல்ஸ் வாங்கினேன். கார்ப் மிகக் குறைவு, வாடையும் இல்லை, ஆனால் நறநறவென்று கடிபடுகிறது. கொதிக்க வைத்தும் மாறவில்லை. யாராவது?

உப்புக்கல்:
வெந்நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஊற வையுங்கள், தளர்ந்துவிடும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் சோடா வாய்க்கு வரும்.