புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் விண்டோஸ் போட எஸ்.எஸ்.டி தெரியவே இல்லை

கேள்வி: வைகைக்கரை செல்வி

வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள்.

அப்பா மதுரையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறார். அவருடைய பழைய கணினி ஒரு ஆல்பத்தைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அதனால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கணினி சேர்த்தேன். ஐ5-10400எஃப் ப்ராசசர், பி560 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி (மதர்போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான சேமிப்பு டிரைவ்). கிராபிக்ஸ் கார்டும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கும் பழைய கணினியிலிருந்து கழற்றியவை.

முதல் தடவையிலேயே ஆன் ஆனது, மின்விசிறி எல்லாம் சுற்றுகிறது, திரையும் வந்தது. விண்டோஸ் 11 பென் டிரைவைப் போட்டு, எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குப் போனால் ஹார்ட் டிஸ்க் மட்டும் நிற்கிறது, எஸ்.எஸ்.டி இல்லவே இல்லை. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி டிஸ்க்பார்ட் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தும் பார்த்தேன், ஹார்ட் டிஸ்க் ஒரு வரி, பென் டிரைவ் ஒரு வரி, அவ்வளவுதான். எஸ்.எஸ்.டியை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன்.

வாங்கிய கடையில் கேட்டால், கொண்டு வாருங்கள், கம்பெனிக்கு அனுப்பி மாற்றித் தருகிறோம், 20 நாள் ஆகும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு ஆல்பம் கொடுத்தே ஆக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அப்பாவின் எட்டு வருடப் படங்கள் இருக்கின்றன, அதில் விண்டோஸ் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

பதில்: திருகாணி

இது அடிக்கடி வருவதுதான், பயப்படாதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) வி.எம்.டி என்று இன்டெலின் சேமிப்புக் கன்ட்ரோலர் அமைப்பு ஒன்று இருக்கும், அது ஆன் ஆகியிருந்தால் என்.வி.எம்.இ டிரைவ் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும், விண்டோஸ் நிறுவும் நிரலிடம் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் டிரைவே இல்லாத மாதிரி காட்டும். இரண்டு வழி உண்டு. வி.எம்.டியை அணைத்துவிடலாம், இல்லையென்றால் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, நிறுவும்போது 'லோட் டிரைவர்' கொடுத்து அதைக் காட்டலாம். எது செய்தாலும் விண்டோஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். போட்ட பிறகு அந்த அமைப்பை மாற்றினால் நீலத்திரை வந்து நிற்கும், என் 12-ஆம் தலைமுறைக் கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனது.

பதில்: கரிசல்காடு

திருகாணி சொல்வது சரியான வைத்தியம், ஆனால் இந்த நோய்க்குத்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி: பயாஸுக்குள் போனால் அங்கே எஸ்.எஸ்.டியின் பெயர் வருகிறதா? பயாஸில் வந்து விண்டோஸில் வராவிட்டால் டிரைவர் பிரச்சினை. பயாஸிலேயே வராவிட்டால் எத்தனை டிரைவர் ஏற்றினாலும் பயன் இல்லை, அது மாட்டிய இடத்தையோ டிரைவையோ சேர்ந்த விஷயம்.

இன்னொன்று. எஸ்.எஸ்.டியின் தங்க நிறப் பற்கள் இருக்கும் ஓரத்தில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ, இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் எம்.2 வடிவத்தில் (இதே சின்னப் பட்டை வடிவம்) வரும் சாட்டா, அதாவது பழைய வகை இணைப்பு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என்.வி.எம்.இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டாவை மாட்டினால் உட்காரும், வேலை செய்யாது.

வைகைக்கரை செல்வி

அண்ணா, பயாஸிலும் இல்லை. என்.வி.எம்.இ என்று தனிப் பக்கமே இருக்கிறது, அது காலியாக இருக்கிறது. வி.எம்.டி என்ற பெயரே எங்கும் காணோம். எஸ்.எஸ்.டியில் ஒரு வெட்டுதான். உபுண்டு பென் டிரைவில் ஏற்றி, டிரைவ்களைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.பி.எல்.கே' கட்டளையை அடித்தும் பார்த்தேன், அங்கேயும் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் என்.வி.எம்.இயை யூ.எஸ்.பியில் செருகும் சின்னப் பெட்டி இருந்தது, அதில் போட்டால் அவருடைய லேப்டாப்பில் உடனே வருகிறது! அப்படியானால் எஸ்.எஸ்.டி உயிரோடுதான் இருக்கிறது, இல்லையா? போர்டு கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கரிசல்காடு

போர்டும் கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன். எந்த ஸ்லாட்டில் மாட்டினீர்கள்? ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருக்கும் மேல் ஸ்லாட்டிலா?

வைகைக்கரை செல்வி

ஆமாம். அதில்தான் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு இருந்தது, வேகமான ஸ்லாட் என்று பெட்டியிலும் போட்டிருந்தது.

பதில்: கரிசல்காடு

அதுதான் காரணம். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதனால் நல்ல எஸ்.எஸ்.டியையும் நல்ல போர்டையும் கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்கே தெரியும்.

பி560, இசட்590 போர்டுகள் 2021-ல் 11-ஆம் தலைமுறை ப்ராசசர்களோடு வந்தவை. எல்.ஜி.ஏ1200 சாக்கெட் என்பதால் 10-ஆம் தலைமுறையும் (உங்கள் 10400எஃப் அதுதான்) உட்காரும், ஓடும். ஆனால் 10-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசரில் இருந்து வெளியே வரும் பி.சி.ஐ.இ பாதைகள் (கார்டுக்கும் எஸ்.எஸ்.டிக்கும் தரவு போகும் தடங்கள்) 16 மட்டும், அந்த 16-உம் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கே போய்விடும். 11-ஆம் தலைமுறை ஐ5-இலிருந்து மேலே 20 பாதைகள். கூடுதலாக வந்த அந்த நான்கைத்தான் மேல் எம்.2 ஸ்லாட்டுக்கு நேராக இழுத்திருக்கிறார்கள். உங்கள் 10400எஃப்-இல் அந்த நான்கு பாதைகளே கிடையாது. குழாய் இருக்கிறது, தொட்டியில் இருந்து இணைப்பு இல்லை. பயாஸை அப்டேட் செய்தாலும் இது மாறாது.

கீழே இன்னொரு எம்.2 ஸ்லாட் இருக்கும், பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அது சிப்செட்டில் (போர்டிலேயே இருக்கும் துணைச் சிப்) இருந்து வருவதால் எந்தத் தலைமுறை என்றாலும் வேலை செய்யும். கரண்டைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, எஸ்.எஸ்.டியை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பற்கள் முழுக்க மறையும் வரை உள்ளே தள்ளி, அப்புறம் படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்கள். உங்களுடையது 2280 அளவாகத்தான் இருக்கும், 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். ஸ்க்ரூவைத் தாங்கும் பித்தளைக் குமிழ் 80 என்று போட்ட துளையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், 60-இல் இருந்தால் டிரைவின் அடிவயிற்றில் முட்டும்.

மாட்டுவதற்கு முன் மேனுவலை எடுத்து, சேமிப்பகம் பற்றிய பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்ட சின்ன எழுத்து வரியைப் படியுங்கள்.

பதில்: திருகாணி

இந்தப் பாதைக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, நல்ல வேளை சொன்னீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விண்டோஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். படங்களுக்குப் பாதுகாப்பு என்பது ஒன்று. இன்னொன்று, அந்தப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இ.எஃப்.ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகளுக்கான பகுதி) இருந்தால் விண்டோஸ் தன்னுடைய பூட் கோப்புகளை அங்கேயே வைத்துவிடக்கூடும். பிறகு என்றைக்காவது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கணினி பூட் ஆகாது.

வைகைக்கரை செல்வி

வந்துவிட்டது!!

கார்டுக்கு அடியில்தான் இருந்தது அந்த ஸ்லாட், பக்கத்திலேயே வெள்ளை எழுத்தில் எம்2_2 என்று அச்சிட்டிருக்கிறார்கள், கார்டு மறைத்ததால் நான் கவனிக்கவே இல்லை. ஸ்க்ரூ அரிசியை விடச் சின்னது, கைதவறி கேபினெட்டுக்குள் விழுந்து, அப்பா செல்போன் லைட்டைப் பிடிக்க, நான் கேபினெட்டைச் சாய்த்துச் சாய்த்து எடுத்தேன். ஆன் செய்ததும் பயாஸில் காலியாக இருந்த அதே பக்கத்தில் எஸ்.எஸ்.டியின் பெயர். அப்பா அதைத் தொட்டுப் பார்க்கிறார்.

மேனுவலில் 11-ஆம் தலைமுறைக்கு மட்டும் என்று அடிக்குறிப்பு இருக்கிறது அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே சின்ன எழுத்தில். கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விண்டோஸ் போட்டேன், முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன், எல்லாப் படமும் பத்திரம். ஒரு சந்தேகம்: கீழ் ஸ்லாட்டில் இருப்பதால் வேகம் குறையுமா?

பதில்: கரிசல்காடு

உங்கள் எஸ்.எஸ்.டி 3-ஆம் தலைமுறை பி.சி.ஐ.இ என்றால், கீழ் ஸ்லாட்டில் நான்கு பாதைகள் இருக்கும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது, நொடிக்கு 3,500 எம்.பி வரை போகும். சில போர்டுகளில் கீழ் ஸ்லாட்டுக்கு இரண்டு பாதைதான், அதையும் மேனுவலில் பாருங்கள், அப்படியே இருந்தாலும் ஆல்பம் வேலைக்கு அது தாராளம். மேலே இருந்த உலோகத் தகடு கீழே பொருந்தினால் மாற்றிப் போடுங்கள், உள்பக்கப் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு.

பதில்: நெய்தல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஐ3-10105, இதே பி560, இதே பிரச்சினை. இந்த ப்ராசசர் 2021-ல்தான் வந்தது, அதனால் 11-ஆம் தலைமுறைக் கணக்கில் வரும் என்று நினைத்தேன்.

பதில்: கரிசல்காடு

வராது நண்பரே, அது 10-ஆம் தலைமுறைதான், அதே 16 பாதைகள். எஸ்.எஸ்.டியைக் கீழே மாட்டுங்கள்.