அம்மாவுக்கு நானோ மருந்து போடப்போறாங்க, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

சிப்புட் மல்லிகா:
வணக்கம். அம்மாவுக்கு 66 வயசு. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, இப்ப தாமான்ல என்கூடத்தான் இருக்காங்க. சினைப்பையில புற்றுநோய். முதல் கீமோ முடிஞ்சு ஆறு மாசம்கூட ஆகல, திரும்ப வந்துடுச்சு. ஈப்போ டாக்டர் "லைப்போசோமல் டாக்ஸோரூபிசின், நானோ மருந்து, நாலு வாரத்துக்கு ஒரு டிரிப்"னு சொன்னார். வெளிய அத்தனை பேர் காத்திருக்கும்போது அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது.

வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு அக்கா "நானோ தண்ணி" போத்தலோட நிக்கிறாங்க. 180 வெள்ளியாம். "ரெண்டும் ஒரே நானோதான்லா, இதுல பக்கவிளைவு இல்ல"ங்கிறாங்க. அம்மா போத்தலையே பாத்துக்கிட்டு இருக்காங்க.

இந்த மருந்து உண்மையிலேயே கட்டியை மட்டும் தேடிப் போகுமா? ஸ்கேன்லயும் நானோ ஊசி இருக்காமே, கேட்டு வாங்கணுமா?

பழைய பார்மசி ஆளு:
தங்கச்சி, போத்தலை ஓரமா வைங்க. நானோங்கிறது அளவு, மருந்தோட பேரு இல்ல. ஒரு தலைமுடியோட தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அம்மாவுக்குப் போடுற கொழுப்புக் குமிழி, அதான் லைப்போசோம், சுமார் நூறுதான்.

உள்ள இருக்கிறது அதே பழைய சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின். அதை வெறுமனே கொடுத்த காலத்துல இருதயத்தைக் கெடுத்துடுமேன்னு ஒவ்வொரு ஆளுக்கும் இதுவரைக்கும் எவ்வளவு போயிருக்குன்னு கூட்டிக்கிட்டே இருப்போம். குமிழிக்குள்ள அடைச்ச மருந்துக்கு 1995-ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. செம்பனை நாற்றங்கால்ல மேல்தோல் போட்ட உரமணி பாத்திருப்பீங்க, கொஞ்சம் கொஞ்சமா கசியும். அந்த மாதிரிதான். வெளிப்பக்கம் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசியிருக்கும், அதனால ரத்தத்துல அந்நியப் பொருளைப் பிடிச்சுத் தின்னுற செல்லுங்க இதைச் சட்டுனு பிடிக்காது. நாள்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கும்.

தேடியெல்லாம் போகாது. கட்டியோட ரத்தக்குழாய் அவசரத்துல முளைச்சது, ஓட்டை ஒடிசல். அது வழியா கசிஞ்சு உள்ள தங்குது. ஜப்பான்ல மாட்சுமுராவும் மயேடாவும் 1986-லயே இதை எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் ஆளாளுக்கு ராக்கெட் படம் போட்டு விளக்க ஆரம்பிச்சாங்க, எனக்கு அதுதான் எரிச்சல். 2016-ல பத்து வருஷத்து விலங்கு ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாத்தா, ஊசில போன நானோ துகள்ல கட்டிக்குள்ள சேர்ந்தது, இடைநிலைக் கணக்குல, வெறும் 0.7 சதவீதம். மீதியில பெரும்பங்கு ஈரலுக்கும் மண்ணீரலுக்கும். உங்களுக்கு ஆதாயம் இருதயத்துலதான், அது சின்ன விஷயம் இல்ல.

ஸ்கேன் விஷயம்: சிடில போடுறது அயோடின், நானோ இல்ல. எம்ஆர்ஐல ஈரல் பார்க்க முன்னாடி இரும்பு ஆக்சைடு துகள் இருந்துச்சு, இப்ப பெரும்பாலான நாட்டுல விக்கிறதில்ல. படத்துல நல்ல ஈரல் அதை முழுங்கிக் கறுத்துடும், கட்டி முழுங்காம வெளுப்பாத் தனியாத் தெரியும். அம்மாவுக்கு எது வேணும்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

பாகான் செராய் தாத்தா:
என் வீட்டுக்காரம்மாவுக்கு இதே மருந்துதான் போட்டாங்க. முதல் டிரிப் ரொம்ப மெதுவா ஏத்துவாங்க. அப்படியும் அஞ்சு நிமிஷத்துல மூஞ்சி சிவந்து "இடுப்பு உடையுதுங்க"ன்னா. நர்ஸ் உடனே நிறுத்தி, கொஞ்ச நேரம் பாத்துட்டு இன்னும் மெதுவா விட்டாங்க. அடுத்த தடவை ஒண்ணும் வரல. முடியும் அவ்வளவா கொட்டல.

ரெண்டாவது டிரிப்புக்கு அப்புறம்தான் கஷ்டம். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிஞ்சு தோல் உரிஞ்சது. சுடுதண்ணி, இறுக்கமான சப்பாத்து, கையை அழுத்தித் தேய்க்கிற வேலை எதுவும் கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. இவ கேட்டாத்தானே, கல்லுல சம்பல் இடிக்க உக்காந்துட்டா. அப்புறம் டாக்டர் அடுத்த டிரிப்பைத் தள்ளி வச்சு அளவையும் குறைச்சார். கை சிவந்தா மறைக்காம சொல்லச் சொல்லும்மா. எங்க தலைமுறை பொம்பளைங்க சொல்லமாட்டாங்க.

சிப்புட் மல்லிகா:
ரெண்டு பேருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கையை விரிச்சு, "உளி பிடிச்ச கை இது, இதுல உரியறதுக்கு என்ன இருக்கு"ன்னாங்க. சரி, வியாழக்கிழமை போறோம். அக்காகிட்ட போத்தலையும் கொடுத்துட்டேன், மூஞ்சி கொடுத்துப் பேசல.

இன்னொண்ணு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோட பால்குடம் எடுக்கிறதா அம்மா நேர்ந்திருக்காங்க. தார் ரோடு சுடுமே?

பாகான் செராய் தாத்தா:
ஐயோ வேணாம்மா. மருந்து ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்தக் கால் தாங்காது. பால்குடத்தை நீ எடு, அம்மா செருப்புப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல வரட்டும். போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு, கூட்டத்துல கிருமி தொத்தும்னு எங்களை விடல.